பீரங்கிக் குண்டு ஊறிய மோர்

நம் வீட்டுப் புளிப்பானையின் மூடிமேல் ஓர் இரும்புக் குண்டு உட்கார்ந்திருக்கிறதே, அது ராஜா காலத்துப் பொருள் என்று உங்கள் மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். அது உங்கள் அம்மாவைக் கொல்லப் பார்த்த குண்டு என்பதை மட்டும் சொல்ல மாட்டார். நானும் இதுவரை உங்களுக்குச் சொன்னதில்லை. சொன்னால் என் மானம் போகும். போகட்டும், எழுதிவிடுகிறேன்.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். நான் எட்டாவது வரை படித்தவன். செஞ்சியில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் மூட்டைக்கு எடை பார்க்கும் வேலை. கடிதம் வந்தால் தெருவே என்னிடம்தான் படிக்கச் சொல்லும். அதனால் உலகத்தில் எல்லாமே எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. உங்கள் பெரிய அக்கா அப்போது எட்டு மாதக் கைக்குழந்தை.

மழை ஓய்ந்தால் கோட்டை அகழியில் தண்ணீர் தேங்கும், கொசு கிளம்பும், முறைக்காய்ச்சல் வரும். அந்த வருடம் உங்கள் அம்மாவைப் பிடித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானமானால் பல் கிட்டும் குளிர். பிறகு அடுப்பாய்க் கொதிக்கும் உடம்பு. பிறகு பாய் நனையும் வியர்வை.

தர்மாஸ்பத்திரி டாக்டர் மலேரியா என்று சொல்லிக் கொய்னா மாத்திரை கொடுத்தார். யுத்தத்தினால் கொய்னா கிடைப்பதே அரிது. "காய்ச்சல் நின்னாலும் மாத்திரைய நிறுத்தக் கூடாது. அத்தனையும் முழுங்கணும்" என்று இரண்டு முறை சொன்னார். நாலாம் நாள் காய்ச்சல் நின்றது. கொய்னா குடலைப் புரட்டும் கசப்பு, காதில் வண்டு ரீங்கரிக்கும். மிச்ச மாத்திரைகளை அம்மா அரிசிப்பானைக்குள் போட்டு வைத்துவிட்டாள். நான் பார்த்தேன். பார்க்காதவன் போல இருந்தேன். படித்தவன் அல்லவா!

காய்ச்சல் போயிற்று, ஆள் வெளுத்துப் போனாள். தெருப் பெண்கள் வரிசையாக வந்து அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வாழத்தண்டு மாரி ஆயிட்டாளே" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்திகூட ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுப் போகவில்லை.

அப்போதுதான் தொண்டூரிலிருந்து உங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், கோணிப்பையில் இந்தக் குண்டோடு வந்து இறங்கினார். கோட்டை அடிவாரத்துக் கொல்லையில் ஏர் ஓட்டும்போது அகப்பட்டதாம்.

"மாப்ளே, ரத்தம் செத்துப் போச்சு. இரும்பு உள்ள போனாத்தான் ஊறும்."

இரும்பை மோரில் போட்டு அந்த மோரைக் குடிப்பது எங்கள் பக்கத்தில் இருந்த பழக்கம்தான். "அதுக்கு ஒரு அரிவாத் துண்டு போதாதா மச்சான்?" என்றேன்.

"அரிவா இன்னா இரும்பு! புல்லு அறுக்கற இரும்பு. இது கோட்டையக் காத்த இரும்பு. என் தங்கச்சிக்கு இதான்."

கோட்டையைக் காத்த இரும்பாம். அந்தக் கோட்டை யார் யார் கைக்கோ மாறி, கடைசியில் வெள்ளாடு மேயும் இடமாகிவிட்டது. குண்டு காத்த லட்சணம் அது. அன்றைக்கு இது எனக்குத் தோன்றவில்லை. பழுக்கக் காய்ச்சி முக்கலாம் என்று கொல்லன் உலைக்கு இருவரும் தூக்கிக்கொண்டு போனோம். கொல்லர் குண்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இது வெடிச்சி நான் சாவணுமா? போங்கய்யா அப்பால!" செஞ்சியில் அன்று புத்தியோடு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

உலை இல்லாவிட்டால் என்ன, புளித்த மோர்ப்பானையிலேயே குண்டை ஊறப்போட்டோம். மறுநாள் காலை மோர் துருநிறமாகத் திரும்பியிருந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாங்க, என்னை பீரங்கி ஆக்கப் பாக்கறீங்களா? சுட்டா மொதக் குண்டு எங்க அண்ணனுக்குத்தான்."

சொல்லிவிட்டுக் குடித்தாள். தினமும் குடித்தாள். பல் கறுத்தது. மலம் கறுத்தது. அதைக் கேட்டு உங்கள் மாமா, "இரும்பு வேலை செய்யுது மாப்ளே!" என்று மீசையை முறுக்கினார். தங்கையின் மலம் கறுத்ததற்கு மீசை முறுக்கிய மனிதரை உலகத்தில் நான் ஒருவன்தான் பார்த்திருப்பேன்.

இரண்டாம் வாரம் காய்ச்சல் திரும்பியது. இந்த முறை நாள் விட்டு நாள் இல்லை, தினமும். அப்போதாவது அரிசிப்பானை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஒடம்புல இரும்பு பத்தல, அதான் காச்ச உள்ள பூந்துடுச்சி" என்றார் மாமா. "மூணு வேளையாக் குடுக்கலாம்" என்றேன் நான். அதோடு நின்றேனா? அரம் வாங்கி வந்து குண்டைச் சுரண்டி, அந்தத் துருவையும் தேனில் குழைத்துக் கொடுத்தேன்.

ஒரு நாள் காலை, பசித்து அழுத குழந்தையை அவள் மடியில் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"யாரு பெத்த புள்ள இது?" என்றாள்.

வண்டி பூட்டினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "வீட்டுல என்ன குடுத்தீங்க?"

"கஞ்சிதாங்க" என்றேன்.

"பல்லு ஏன் இப்படிக் கறுத்திருக்கு?"

"வெத்தல போடுவா."

"ஆமாங்க, ரொம்பப் போடும்" என்றார் மாமா. அவள் வாழ்நாளில் வெற்றிலை போட்டதில்லை.

அப்போது அம்மா கண் திறக்காமலே முனகினாள்: "பீரங்கி மோரு வாணாம்... பீரங்கி வாணாம்..."

டாக்டர் கம்பவுண்டர் பக்கம் திரும்பினார். "பிதற்ற ஆரம்பிச்சாச்சு."

அவள் பிதற்றவில்லை. அந்த அறையில் உண்மை பேசிய ஒரே ஆள் அவள்தான். நான் வாயைத் திறந்தால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். திறக்காவிட்டால் அவள் போய்விடுவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் யோசித்தேன், பிள்ளைகளே. அதுதான் எனக்கு இன்றும் அருவருப்பு. மாமா என் காலை மிதித்தார். அந்த மிதியில்தான் எனக்கு ரோஷம் வந்தது.

"பெனாத்தல் இல்லீங்க. பீரங்கிக் குண்ட மோர்ல ஊற வச்சிக் குடுத்தேன். கொய்னாவப் பாதியில நிறுத்திட்டோம்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"எட்டாவதுங்க."

"அதான். ஒண்ணும் படிக்காதவனா இருந்தா பயந்துக்கிட்டு அப்பவே இங்க ஓடி வந்திருப்பான்."

கொய்னாவை ஊசியில் ஏற்றினார். பிறகு ஆறிய குரலில் சொன்னார்: "இரும்பு கெட்டதில்லய்யா. காய்ச்சல் ஒழிஞ்சப்புறம் நானே குடுப்பேன். காய்ச்சல் உள்ள இருக்கறப்ப குடுத்தா, காய்ச்சல்தான் கொழுக்கும். நிறையப் பேர்கிட்ட பாத்துட்டேன்."

ஏன் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. கோட்டைக்குள் பெரிய நெற்களஞ்சியம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? எதிரி முற்றுகை போட்டால் வெளியே கிடக்கும் நெல்லையெல்லாம் உள்ளே இழுத்துப் பூட்டிவிடுவார்கள். கிருமிக்கும் உயிர் வாழ இரும்பு வேண்டும். அதனால் காய்ச்சல் வந்ததும் நம் உடம்பு இரும்பை இழுத்துப் பூட்டி வைத்துக்கொள்கிறது. அம்மாவின் உடம்பு தன் காரியத்தைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. கொய்னாவை நிறுத்தி எதிரியைத் திரும்ப வரவிட்டவன் நான்; மதில்மேல் ஏறி நின்று அவனுக்கு மூன்று வேளையும் நெல் கொட்டியவனும் நான்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கண் திறந்தாள். "பாப்பா எங்க?" என்றாள். அடுத்து, "அந்த மோர ஊத்திட்டீங்களா?" என்றாள்.

கொய்னா முழுதும் முடிந்து, காய்ச்சல் அற்று, ஒரு மாதம் சென்றபின் டாக்டரே இரும்பு மாத்திரை கொடுத்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. உடனே உங்கள் மாமா தொண்டூர் முழுவதும் சொல்லிவிட்டார், குண்டுதான் தங்கையைப் பிழைக்க வைத்தது என்று. அனந்தபுரத்திலிருந்து ஒருவர், மருமகளுக்குக் காய்ச்சல் என்று குண்டைக் கேட்டு வண்டி கட்டிக்கொண்டே வந்துவிட்டார். அம்மாதான் குண்டைத் தூக்கிக் கொடுத்தாள்.

"எட்துக்கினு போங்க. ஆனா மோர்ல போடக் கூடாது. மருமவள வண்டியில ஏத்திக்கினு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி, இந்தக் குண்ட டாக்டர்கிட்ட காட்டுங்க. அவருக்குத் தெரியும்."

சில வாரம் கழித்துக் குண்டு திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்த அந்த மருமகளே இடுப்பில் வைத்துச் சுமந்து வந்து வாசலில் இறக்கினாள். உங்கள் மாமா அன்று இங்கேதான் இருந்தார்.

"பாத்தியா மாப்ளே, என் குண்ட!" என்றார்.