முனியப்பன் எடுத்துக்கொண்ட கெடா

"கொல்றதுக்கும் திருடறதுக்கும் வெள்ளக்காரன் என்னா வார்த்த சொன்னான்னு தெரிஞ்சிக்க ஐதராபாத் போவணுமா? படிச்சு முடிச்சு நீ என்னா புள்ள ஆவப்போற, போலீசா, திருடியா?"

பெரியப்பா இதைக் கேட்டது எங்கள் வாசலில், ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் முன்னிலையில். எல்லோரும் சிரித்தார்கள். ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த அப்பா சிரிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் மழையை நம்பிக் கேழ்வரகும் துவரையும் விதைக்கிற வீடு எங்களுடையது. அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து தர்மபுரி போய் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தேன். படிக்கத் தந்த பழைய கதைகளில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. கொலை செய்கிறவன் எவனும் கொன்றேன் என்று சொல்வதில்லை. திருடுகிறவனும் அப்படித்தான். வேறு ஏதோ ஒரு சொல்லைப் போர்த்திக்கொள்கிறார்கள். அந்தப் போர்வை காலத்துக்குக் காலம் மாறுகிறது.

லிஃப்ட் என்ற சொல்லுக்கு முதலில் தூக்குவது என்று மட்டும்தான் பொருள். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே இருந்த எல்லைப்புறத்தில் அது மாடு திருடுவதற்குப் பெயரானது. நகரத்துக் கடைகளுக்குள்ளும் நுழைந்தது. இன்றும் கடையில் திருடுவதை ஷாப்லிஃப்டிங் என்றுதான் சொல்கிறோம். கொள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல்கிற லூட் நம் நாட்டிலிருந்தே போனது. கொள்ளையடித்த பொருளோடு அதற்கான சொல்லையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கொலைக்கான சொற்களும் இப்படித்தான். கார் வந்த பிறகு அமெரிக்க ரவுடிகள் ஆளைக் கொல்லவில்லை, ஒரு ரைடு கூட்டிப்போனார்கள். கம்பெனிக் கணக்கை முடிப்பதற்கு இருந்த லிக்விடேட் என்ற சொல், அரசாங்கங்கள் ஆட்களை ஒழித்தபோது அவர்களுக்கும் வந்தது. நாம் மட்டும் என்ன? போட்டுத் தள்ளிட்டான், கதைய முடிச்சிட்டான், ஆட்டையப் போட்டுட்டான் என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

இந்தச் சொற்களைப் பற்றிய ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலுக்கு அப்பாதான் ஐதராபாத்துக்குத் துணைக்கு வந்தார். நான் உள்ளே போயிருந்த நேரத்தில் வாட்ச்மேனோடு தெலுங்கில் பேசி நண்பராகிவிட்டார். எங்கள் ஊரில் பாதித் தெரு தெலுங்கு பேசும். நேர்காணல் முடிந்ததும் ஓர் ஆசிரியர் என்னை நூலகத்தில் ஓர் அறைக்கு அழைத்துப் போனார். சுவர் நீளத்துக்கு அகராதித் தொகுதிகள். ஒரு சொல்லை முதலில் எந்த ஆண்டில் எழுதினார்கள், அடுத்த நூற்றாண்டில் அது என்னவானது என்று வரிசையாகக் காட்டுகிறவை. கொஞ்ச நேரம்தான் அங்கே நின்றிருப்பேன். ரயிலில் வரும்போது கண்ணை மூடினாலும் அந்த அலமாரிதான் தெரிந்தது. அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"தண்ணி நல்லாருக்குதா கண்ணு அங்க?"

"நல்லாருக்குதுப்பா."

என்ன படிக்கப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று ரயிலைவிட்டு இறங்கும் வரை காத்திருந்தேன்.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நான் ஊரைவிட்டுக் கிளம்ப ஒரு கெடா குறுக்கே நின்றது. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷமே, படிப்பை நல்லபடியாக முடித்தால் ஒரு கெடா வெட்டுவதாக அப்பா முனியப்பனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். முதுகலை கடைசி வருஷத்தில் ஒரு குட்டியின் இடது காதில் துளை போட்டு நேர்ந்துவிட்டார். நேர்ந்துவிட்ட கெடாவைக் கட்டிப்போட மாட்டோம். யார் காட்டில் மேய்ந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. யார் பேரில் வேண்டுதலோ அவர் அது முடிகிற வரைக்கும் ஊரைவிட்டுப் போய் வேறிடத்தில் தங்கக்கூடாது. அதனால் நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வெட்டு என்று முடிவானது.

அந்த வாரத்தில் கெடாவைக் காணோம்.

காலையில் அம்மா ஏரிக்கரை வரை போய்த் தேடிவிட்டுத் திரும்பினாள். தோப்பில் இல்லை, துவரைக் காட்டிலும் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"திருட்டுதாம்பா. நான் எழுதித் தரேன், ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றேன்.

"அந்த வார்த்தய வாய்ல எடுக்காத" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. "திருட்டுன்னு சொல்லிட்டா ஆரு மேல சந்தேகம்னு கேப்பாங்க. ஊர்ல ஒருத்தரப் பாத்துக் கையக் காட்டணும். அப்பறம் அவன் குடுக்கணும்னு நெனச்சாலும் எப்பிடிக் குடுப்பான்?"

அவர் நேரே கோயிலுக்குப் போனார். சற்று நேரத்தில் பூசாரியின் குரல் மைக்கில் கேட்டது. "முனியப்பனுக்கு நேந்த கெடா ஒண்ணு வழி தப்பிருச்சுங்க. காதுல தொள இருக்குது. ஆரு வூட்டுப் பக்கமாச்சும் வந்திருந்தா அவுத்து வுட்டுருங்க. தானா வூடு சேந்துரும்."

வழி தப்பிய கெடாவை யாராவது கட்டிவைத்திருப்பார்களா? ஊருக்கே தெரியும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஆடு திருட்டுப் போவதில்லை, வழிதான் தப்பும். எடுத்தவனுக்குத் திரும்பிவர ஒரு சந்து விட்டுவைக்கிற பேச்சு அது. சின்ன வயதிலிருந்து கேட்ட அறிவிப்புதான். ஐதராபாத் அலமாரியில் நான் தேடிப்போக இருந்ததும் இதைத்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கெடா வரவில்லை. சனிக்கிழமை பெரியப்பா வந்து உட்கார்ந்துகொண்டார். எங்கள் குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"வேற கெடா வெட்டறது ஆவாது. நேந்தது இத. புதுசா ஒரு குட்டிய நேந்து வுடு. அடுத்த வருசம் வெட்டிக்கலாம். புள்ள அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும். காரிமங்கலத்துல ஏதாச்சும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேல பாக்கட்டும்."

அடுத்த வருஷம் அந்த இடம் எனக்காகக் காத்திருக்காது. அதை விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா வீட்டிலேயே இல்லை. அவர் அன்று காலையில் எங்கே போயிருந்தார் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பா மகன் போனில் சொல்லியிருந்தான். காரிமங்கலத்தில் கறிக்கடை கறிக்கடையாக ஏறி, அறுத்த தலைகளின் இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கடத்தூர் வரைக்கும் போய்வந்தாராம்.

மத்தியானம் திரும்பி வந்தவர் கால் கழுவிக்கொண்டு பெரியப்பாவுக்கு எதிரில் நின்றார்.

"கெடாவ முனியப்பனே எடுத்துக்கிட்டாங்கண்ணா."

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஆரு பாத்தா?"

"ஆரும் பாக்கலீங்க. பாக்கற மாதிரி வந்து எடுத்துட்டுப் போனா அது சாமியா?"

"வெட்டாம எப்பிடிடா வேண்டுதல் முடியும்?"

"நம்ம கையால குடுத்தா வெட்டிக் குடுக்கணும். அவனே எடுத்துக்கிட்டா நாம என்னா வெட்டறது? வாங்கிக்கிட்டவன் மறுக்கா கேக்க மாட்டான். நாளைக்குப் பொங்க வெச்சு சூடம் காட்டிர்றேன். புள்ள கெளம்பட்டும்."

பெரியப்பாவுக்கு எதிராகச் சாமியை நிறுத்திவிட்டார். முனியப்பன் எடுக்கவில்லை என்று பெரியப்பா எப்படிச் சொல்வார்?

"எடுத்துக்கிட்டவன் மொளகா அரைச்சுக் கொழம்பும் வெச்சிருப்பான்" என்று அம்மா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "என்னமோ பண்ணுங்க" என்றார். அதுதான் சம்மதம்.

நான் அறைக்குள் போய் நின்றேன். ஒரு திருட்டையும் ஒரு கொலையையும் ஒரே வாக்கியத்தில் மறைத்து, அதைக் கும்பிடத்தக்க காரியமாக்கி, என்னை வெளியே அனுப்ப வழி செய்திருந்தார் எழுதப் படிக்கத் தெரியாத அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது. ஓடிப்போய் ஏதாவது சொல்லத் தோன்றியது. அவர் அதற்குள் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது ஐதராபாத்துக்கு வந்து ஆறேழு மாதம் ஆகிறது. ஆசைப்பட்ட அந்த அறையில்தான் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். அகராதியில் ஒரு சொல்லை முதலில் எழுதியவரின் ஆண்டு இருக்கும். ஆனால் எழுதுவதற்கு முன்னால் எவனோ ஒருத்தன் எதையோ மறைக்க, யாரையோ காப்பாற்ற அதை வாயால் சொல்லியிருப்பான். அவன் எந்த வாசலில் நின்று சொன்னான், எதிரே உட்கார்ந்திருந்தவன் என்ன முகம் காட்டினான் என்று எந்தத் தொகுதியிலும் இல்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கால் கழுவிய ஈரத்தோடு நிற்கிற அப்பா தெரிகிறார். பக்கத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

சாயங்காலம் அவர் போன் செய்கிறார். சாப்பிட்டியா, அங்க மழையா, வாட்ச்மேன் நல்லாருக்காரா. நான் என்ன படிக்கிறேன் என்று மட்டும் கேட்பதே இல்லை. கேட்டால் தனக்குப் புரியாது என்று எனக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமாக இருக்கலாம். ஒரு நாள் கேட்பார் என்று ஒவ்வொரு போனையும் கடைசி வரை காதிலேயே வைத்திருக்கிறேன். அவர் வைத்த பிறகுதான் நான் வைப்பேன்.

இன்று காலை நூலகம் திறப்பதற்கு முன் படிக்கட்டில் உட்கார்ந்து அவருக்கு வாட்ஸாப்பில் பேசிப் பதிவு செய்தேன். அவருக்குக் குரல் செய்தி கேட்கத் தெரியும். "அப்பா, நான் இங்க என்னா படிக்கறேன்னு மொதல்லருந்து சொல்றேன், கேளுங்க" என்று தொடங்கினேன். எல்லைப்புறத்தில் மாடு ஓட்டிப் போனவர்களைப் பற்றிச் சொன்னேன், கப்பலேறிய லூட்டைச் சொன்னேன், நம் ஊர் மைக் அறிவிப்பு இதில் எங்கே சேருகிறது என்றும் சொன்னேன். கடைசியில் என் ஆராய்ச்சிக்குத் தேவைப்படுகிற ஒன்றைக் கேட்டேன். "சாமியே எடுத்துக்கிட்டான்னு பெரியப்பாகிட்டச் சொன்னீங்களே, அந்த வார்த்த உங்களுதா, இல்ல முன்ன ஆராச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

அனுப்பிவிட்டேன்.