உச்சிக்கு அவள் மட்டும்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் 'அவசரம்'. டைல்ஸ் ஒட்டுகிற வேலை. டீயை ஆறவிட்டுக் குடிக்கமாட்டார். பஸ் நிற்கும் முன்பே இறங்கிவிடுவார். டைல்ஸைத் தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காதுதான். ஆனால் தரையெல்லாம் சேறாகும், துடைக்க வேண்டும், அதற்கு யாருக்குப் பொறுமை? கதவைச் சாத்திக்கொண்டு வருஷக்கணக்கில் தண்ணீரில்லாமலே மிஷினை ஓட்டினார். அந்த வெள்ளைத் தூசி அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. மாத்திரை இருமலைக் குறைக்கும், போன நுரையீரலைத் திருப்பித் தராது என்று டாக்டர் அவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மனுஷனோ தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். ஊருக்குப் பின்னால் உள்ள குன்றில் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டால் உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தம். மறுநாளே வேலைக்குப் போய்விடலாம். கல்யாணமான புதிதில் இருவரும் வாராவாரம் ஏறிய குன்றுதான். அப்போது இவர் முதலில் போய் நின்றுகொண்டு, ஆமை வந்துவிட்டதா என்று அவளைக் கேலி செய்வாராம். இப்போது வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிடித்த பிடியை விடுகிற ஆளா அவர்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பினார்கள். முதல் வளைவு வரை வீராப்பாகப் பேசிக்கொண்டே நடந்தார். அடுத்த வளைவில் பேச்சு நின்றது. அங்கிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பு கடிக்கிறது என்றார். சுத்தப் பொய். உதடு நீலம் பாரித்திருந்தது. திரும்பிவிடலாம் என்று அவள் கெஞ்சினாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. இவ்ளோ தூரம் வந்துட்டு ஒருத்தராவது பாக்க வேணாமா?"

மறுத்தால் இன்னும் மூச்சு வாங்கப் பேசுவாரே என்றுதான் அவள் ஏறினாள். பின்னாளில் அவளே என் மனைவியிடம் சொல்லி அழுதது இது.

உச்சியில் கூட்டம் மேற்கே பார்த்து நின்றது. எல்லோர் கையிலும் போன். அவள் ஒருத்திதான் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே பார்த்தாள். பெஞ்சு நன்றாகத் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அவர் எழுந்து மறுபடி ஏறப் பார்த்தார். நாலு எட்டு வைத்ததும் மண்ணில் கையூன்றித் தவழ்ந்தார். அதுவும் முடியாமல் பாதையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்று அவளுக்குத் துடித்தது. போனால் பார்த்தது தெரிந்துவிடும். கூட்டம் கலையும்வரை அங்கேயே நின்றாள். பாழாய்ப்போன சூரியன் எப்போது மறைந்ததோ, அவளுக்குத் தெரியாது.

அவள் இறங்கி வந்தபோது முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, தலையைக் கோதிவிட்டு, பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். அழகாக இருந்தது என்றாள். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மேல இருந்து பாத்தா இந்த எடம் தெரியுமா?"

"தெரியலைங்க. மரம் மறைக்குது."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"அடுத்த வாரம் ஏறிடுவேன். அப்புறம் வேலைதான்."

"ஏறிடுவீங்க" என்றாள்.