கண்ணாடியைக் கவிழ்த்தவள்

அம்மா கேட்ட மல்லிகைச் சரத்தைப் பாரிஸின் லா சப்பல் கடைத்தெருவில் வாங்கிக்கொண்டு, கார் து நோர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தேன். கையில் பாகிஸ்தானியப் பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் எழுதிய கவிதை. மணமக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலாகக் கண்ணாடியில் பார்க்கும் சடங்கு அதில் வருகிறது. கவிதையின் மணப்பெண் கண்களைத் தாழ்த்திக்கொள்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. நான் பார்த்தவள் தாழ்த்தவில்லை.

அவளைப் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. பாரிஸ் புறநகரான சார்செலில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த பாகிஸ்தானியக் குடும்பத்துச் சாயிரா அக்காவுக்குக் கல்யாணம். வீடு முழுக்க மருதாணி வாசம். மாப்பிள்ளை லாகூரிலிருந்து வந்தவர். அதுவரை அவரைப் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

இருவர் தலைக்கும் மேலே சிவப்புத் துப்பட்டாவை விரித்து, அக்காவின் மடியில் கண்ணாடியை வைத்தார்கள். நான் ஓரமாக உள்ளே தலையை நுழைத்திருந்தேன்.

"நிமிராதே, கண்ணாடியை மட்டும் பார்" என்று அவளுடைய சித்தி பிரெஞ்சில் அதட்டினார்.

சாயிரா அக்கா கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். மாப்பிள்ளையின் பக்கம் முழுதாகத் திரும்பி, அவர் முகத்தை ஆற அமரப் பார்த்தாள். வெட்கப்பட்டுக் குனிந்தது அவர்தான்.

லிஃப்டில் இறங்கும்போது அம்மா, "வெக்கங்கெட்ட பெட்டை" என்றார். எனக்கோ கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ரயில் வருவதற்குள் அம்மாவின் அழைப்பு வந்துவிட்டது.

"உன்னைப் பாக்க மாப்பிள்ளை வீட்டார் வந்திட்டினம். கெதியா வா. வந்து தலையைக் குனிஞ்சு கொண்டிரு, பிள்ளை."

"ஏனம்மா, மாப்பிள்ளையின்ரை முகம் நிலத்திலையோ கிடக்கு?" என்றேன்.