உட்கார்ந்து பார்த்தால் 116

இன்று காலை கிளினிக்கில் ஒரு சின்னப் பெண் என்னை எழுந்து நிற்கச் சொன்னாள்.

கணபதியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் கிளினிக் அது. பிரஷர் பார்க்கப் போயிருந்தேன். உட்கார வைத்துப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள். முடிந்தது என்று கைப்பையை எடுத்தேன்.

"அம்மா, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க. நின்னும் ஒருக்கா பாக்கோணும்."

"இப்பத்தானே கண்ணு பாத்தே? மறுபடியும் எதுக்கு?"

"வயசானவங்களுக்கு நின்னும் பாக்கோணும்ங்க. தாள்ல போட்டிருக்குது."

"எந்தத் தாள்? கொண்டா, பாக்கறேன்."

(எழுபத்தெட்டு வயதில் எனக்கு 'வயசானவங்க' என்று பட்டம்! அதைத் தாளில் வேறு போட்டிருக்கிறார்களாம்!)

பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டையைக் கொண்டுவந்தாள். ரத்த அழுத்தச் சிகிச்சைக்கான கைடுலைனில் இருந்து நர்சுகளுக்காகச் சுருக்கி எடுத்தது. கண்ணாடியை மாட்டிப் படித்தேன். இரண்டு எழுத்துப் பிழைகள். சுட்டிக்காட்டினேன். (கான்வென்ட் பழக்கம், போகாது!)

மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன்.

'முதியவர்களை நிற்க வைத்தும் பார்க்கவும். தலைச்சுற்றல் உண்டா என்று நோயாளியிடமே கேட்கவும்.'

நோயாளியிடமே.

இரண்டு வருடம் முன்னால், என் வீட்டுக்காரருக்கு எண்பத்தொரு வயது. முப்பது வருடம் மோட்டார் பம்ப் ஒர்க்‌ஷாப் நடத்திய மனிதர். யாரிடமும் குறை சொல்லிப் பழக்கமில்லை. எங்களுடைய பழைய டாக்டர் அவருக்குப் பிரஷர் 145 இருந்தால் போதும் என்றார்.

எனக்குப் போதவில்லை. இணையத்தில் தேடி, அதே கைடுலைனில் அட்டவணை இருந்த பக்கத்தை மட்டும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன்.

"நூத்தி முப்பதுக்குக் கீழ இருக்கோணும்னு இதுல போட்டிருக்குதுங்களே, டாக்டர்?"

"போட்டிருக்குதுங்கம்மா. ஆனா அந்தக் கைடுலைன எழுதுனவங்க ஐயாவப் பாத்ததில்லீங்களே. நான் இருவது வருசமாப் பாக்கறேன்."

எனக்கு அது சாக்குப்போக்காகப் பட்டது. வயதான டாக்டர், புதிதாக எதையும் படிப்பதில்லை என்று நினைத்தேன். வேறு டாக்டரிடம் காட்டுவேன் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் பெருமூச்சு விட்டு, என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, எந்திரிக்கும்போது தலை கிறுகிறுன்னு வருதுங்களா?"

நான் சொன்னேன்: "அவருக்கு அதெல்லாம் இல்லீங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அம்மணி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்ங்க, டாக்டர்."

"சரிங்க, இன்னொரு மாத்திரை சேத்தறேன். ஆனா தலை சுத்துனா அன்னைக்கே வந்து சொல்லிப்போடோணும்."

சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்தது நான்தான்.

வீட்டில் ஒரு நோட்டுப் போட்டேன். காலையும் மாலையும் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்ப்பேன். 130க்கு மேல் என்றால் சிவப்பு மை, கீழே என்றால் நீல மை. மூன்றே வாரத்தில் நோட்டு முழுக்க நீலம்! பெருமையில் தலைகால் புரியவில்லை எனக்கு.

அந்த நாட்களில்தான் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, எதுக்குச் செவுத்தப் புடிச்சுட்டு நடக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல அம்மணி. பெயின்ட் உதுருதான்னு தடவிப் பாத்தேன்."

நான் சிரித்தேன். அதுதான் நான் செய்தது. சிரித்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பிரஷர் பார்த்தேன். 116. எழுதினேன். கேட்டில் பேப்பர் விழும் சத்தம் கேட்டது. அவர் எடுக்க எழுந்தார். மூன்று எட்டுத்தான் வைத்திருப்பார்.

விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன். படுக்கை. பிறகு நுரையீரலில் சளி கட்டியது. ஆறாவது வாரம் போய்விட்டார்.

கைடுலைனை நான் குறை சொல்லவில்லை. என் தங்கை வெறும் வாயு என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நெஞ்செரிச்சல் என்றாலும் ஈசிஜி எடுக்க வேண்டும் என்ற விதிப்படி எடுத்ததால்தான் இன்று என்னோடு போனில் சண்டை போட உயிரோடு இருக்கிறாள். விதி நல்லது. அந்தப் பழைய டாக்டரும் நல்லவர். நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

கேள்வித்தாளை முழுக்கப் படித்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும் என்பார் எங்கள் கான்வென்ட் சிஸ்டர். அறுபது வருடமாக எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

சரி, இன்று காலைக் கதைக்கு வருகிறேன். எழுந்து நின்றேன். மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தாள். உட்கார்ந்து பார்த்ததைவிட முப்பது குறைந்திருந்தது.

"அம்மா, தலை சுத்துதுங்களா?"

'இல்லை' என்று வாய் வரை வந்துவிட்டது. என்னைப் போன்ற ஒருத்திக்குத் தலை சுற்றுமா?

"சுத்துது, கண்ணு. ஒரு மாசமாவே சுத்துது."

"ஏனுங்கம்மா, இத்தன நாளா யார்கிட்டயும் சொல்லலீங்களா?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். கடைசி வரியில் 116. நீல மை. பக்கத்தில் என் கையெழுத்தில், சிஸ்டர் எனக்குப் போடுவது போலவே, 'வெரி குட்'.

அவர் பேப்பர் எடுக்க எழுந்தபோது அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் டாக்டர் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள்?