யார் பேர்?

மறைமலை நகரில் கான்ட்ராக்ட் வேலை செய்த நாட்களில் அனகாபுத்தூரில் ஒரு மொட்டைமாடி அறையில் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எந்த ஊரிலும் ரொம்ப நாள் தங்கியதில்லை. கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார், சாயங்காலமானால் குடித்தார். மூத்த பெண் யாரோடோ போய்விட்ட பிறகு, அந்த வீட்டின் கண்ணெல்லாம் பத்தாவது படித்துக்கொண்டிருந்த சின்னவள் மேல்தான்.

போன் அடித்தால் அவள் எடுக்கக் கூடாது. துணி காயப்போட மாடிக்கு வந்தால் அவள் அம்மாவும் பின்னாலேயே வந்து என் அறையை எட்டிப் பார்ப்பார். நான் கதவைச் சாத்தினாலும் தப்பு, திறந்து வைத்தாலும் தப்பு.

எனக்கும் அவர்கள் மேல் சந்தேகம் இருந்தது. அந்த அம்மாவின் தம்பி சின்ன வயதிலேயே வயிற்றுவலியில் செத்தான் என்றார்கள். தானாக உயிரை விட்டவர்களை எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

சித்திரை வெயிலில் அந்தப் பெண் முழுக்கைச் சுடிதார் போட ஆரம்பித்தாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் வருவது நின்றது. அப்பா அக்காவைச் சொல்லித் திட்டும்போது முன்பெல்லாம் எதிர்த்துப் பேசுவாள். அதுவும் நின்றது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் என்னைக் கீழே கூப்பிட்டார்கள். மருதாணி வைக்க அம்மா அவள் சுடிதார் கையை மடித்துவிட்டபோது கீறல் கோடுகளைப் பார்த்திருக்கிறார். காதலிப்பவர்கள் கையில் பேரைக் கீறிக்கொள்வது அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்பா அவள் கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். பள்ளியை நிறுத்திவிட்டு மாமன் மகனுக்குக் கட்டிவைக்கப் போவதாகச் சொன்னார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"இது உன் பேரோட மொத எழுத்துதானே? மேல குந்திகினு இன்னா பண்ணிகினு கீற நீ?"

நான் என் சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். அவள் வயதில் வந்த கோடுகள், வெளுத்துப் போயிருந்தன.

"இத படிங்கண்ணா. யார் பேர் கீது? வூட்ல இருக்க முடியாம நானே பண்ணிக்கினது. பாப்பாவ டாக்டராண்ட காட்டுங்க."

அவர் என் கையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒரு புதுச் சந்தேகம் அவர் முகத்தில் ஓடியது.

அந்த அம்மா மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் தம்பிக்கும் வயித்துவலின்னுதான் சொன்னோம்," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அன்றே அறையைக் காலி செய்யச் சொன்னார் வீட்டுக்காரர். மறுநாள் காலையில் பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். தாம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக அம்மாவும் மகளும் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் தள்ளிப் போய் நின்றார்கள். அம்மா அவள் கையைப் பிடித்திருந்தார். ஓடிவிடுவாள் என்று பிடித்ததா, வேறு மாதிரிப் பிடித்ததா, அந்தத் தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.