முரளிக்காகச் செய்த இடதுகை கிட்டார்: சேலத்திலிருந்து ஜீவனஹள்ளிக்கு ஒரு ஞாயிறு

என் கிட்டார்களைப் பற்றி இந்த வலைப்பூவில் எழுதும்போதெல்லாம் யாராவது ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டுவிடுகிறார்: "பெங்களூரில் கையாலேயே எலெக்ட்ரிக் கிட்டார் செய்து தருகிறவர் இருக்கிறாராமே, போயிருக்கிறீர்களா?" போயிருக்கிறேன். ஒரே ஒரு முறை, போன வருடம், 2007 தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தம்பி முரளி இறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. இத்தனை நாள் எழுதாததற்கு அதுதான் காரணம். வழியும் செலவும் சொல்கிறேன். நடுவில் அவனும் வருவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. சேலத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் வேலை பார்க்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களை வாங்குவது என் பழக்கம். முதலாவதை 1991இல் வாங்கினேன். கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர் விற்றது. அப்போது முரளி பள்ளிக்கூடத்துப் பையன். சட்டையைக்கூட மாற்றாமல் வந்து அதைத் தூக்கி மடியில் வைத்தான். வைத்த பிறகுதான் தெரிந்தது, தலைகீழாகப் பிடித்திருக்கிறான் என்று. அவன் இடதுகைக்காரன்.

வலதுகைக்காரர்கள் கிட்டாரின் கழுத்தை இடது கையில் பிடித்து, வலது கையால் கம்பிகளை மீட்டுவார்கள். முரளிக்கு எல்லாமே எதிர்ப்பக்கம். இடதுகைக்காரர்களுக்கென்று செய்த கிட்டார் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அபூர்வம். அதனால் நான் வாங்கிக் குவித்த ஒவ்வொன்றையும் அவன் திருப்பிப் பிடித்தே வாசித்தான். அடிக் கம்பி மேலே இருக்கும், மேல் கம்பி கீழே இருக்கும், சத்தத்தைக் கூட்டும் திருகு முழங்கையில் இடிக்கும். அப்படியே வாசித்து என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக வாசித்தான். பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது. கவிதாவைக் கல்யாணம் செய்துகொண்டு பொம்மனஹள்ளியில் குடியிருந்தான். 2005 கடைசியில் ஒருநாள் போனில், "அண்ணா, எனக்குன்னு ஒண்ணு செய்யச் சொல்லியிருக்கேன்" என்றான். அத்தனை சந்தோஷம் அந்தக் குரலில்.

மறு வருடம் ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவனுக்கு முப்பது வயது.

கிட்டார் நினைவு எங்கள் யாருக்கும் வரவில்லை. கவிதா ஓசூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பொங்கலுக்கு முன்பு முரளியின் செல்போனுக்கு மனசு கேட்காமல் சார்ஜ் ஏற்றியிருக்கிறாள். ஏற்றிய அன்றைக்கே ஒரு அழைப்பு. "முரளி, இன்னாப்பா கோவமா? ஒருவாட்டி வந்து கை குடுத்துட்டுப் போ, முடிச்சுடறேன்." கிட்டார் செய்பவர். அவருக்குச் செய்தியே தெரியாது. கவிதாதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "மாமா, அங்க போகணும். நானும் வரேன்."

இனி பயணம். சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஐந்தரைக்கு பெங்களூர் வண்டி. தூரம் இருநூறு கிலோமீட்டர், கட்டணம் தொண்ணூற்றுச் சொச்சம். தொப்பூர் கணவாயில் லாரிகள் வரிசை கட்டி ஊர்ந்ததால் அங்கேயே அரை மணி போயிற்று. கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஒரு ஓட்டலில் நிறுத்தினார்கள். காப்பி சுமார், கழிவறை மோசம். ஓசூரை அடைந்தபோது ஒன்பதே கால். கவிதா நிலையத்தில் காத்திருந்தாள். இளைத்திருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாப்பிட்டீங்களா மாமா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஓசூர் சாலையில் மேம்பாலத்துக்குத் தூண்கள் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி அருகே வண்டி நின்றே விட்டது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையிலும் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கவிதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தூசிக்காக என்று கண்டக்டர் நினைத்திருப்பார்.

சாந்தி நகர் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். முதல் இரண்டு ஆட்டோக்காரர்கள் மீட்டரைப் போல் ஒன்றரை மடங்கு கேட்டார்கள். மூன்றாமவர் நாங்கள் பேசிய தமிழைக் கேட்டுத் திரும்பினார். "ஜீவனஹள்ளியா? நம்ம ஏரியா சார், ஏறுங்க. மீட்டர் போடறேன்." அறுபத்து நான்கு ரூபாய் ஆயிற்று. சுற்றிப் போகாமல் அல்சூர் வழியாகத்தான் போனார். காக்ஸ் டவுன் மார்க்கெட்டைத் தாண்டியதும் தெருக்கள் குறுகிவிடும். அங்கே இறங்கி, கிட்டார் செய்கிற ஜெரால்ட் வீடு எது என்று யாரிடமும் தமிழிலேயே கேட்கலாம்.

பட்டறை என்பது வீட்டின் பின்புறம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. உள்ளே மரத்தூளும் வார்னிஷும் கலந்த வாசனை. ஜெரால்டுக்கு ஐம்பது வயதிருக்கும். தொப்பை, அரைக்கால் சட்டை, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்தாராம். கவிதாவைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க சிஸ்டர்" என்றார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியை இரண்டு முறை துடைத்தார்.

ஒரு துணியை விலக்கிக் கிட்டாரைக் காட்டினார். உடம்பு முழுக்கப் பச்சை. லாரிக்கு அடிக்கிற பச்சை.

"இந்தக் கலரா சொன்னாரு?" என்றாள் கவிதா.

"இதேதான் வேணும்னு நின்னான் சிஸ்டர். நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"என்னைக் கேட்டிருந்தா நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

உடம்பு முடிந்திருந்தது. கம்பியின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் மின்காந்தக் கட்டைகளும் பொருத்தியாகிவிட்டது. கழுத்தின் முன்பக்கம் தயார், பின்பக்கம் மட்டும் பாதியில் நின்றிருந்தது. வாசிப்பவரின் உள்ளங்கை உட்காரும் இடம் அது. தலைப்பக்கம் உருண்டு வழவழப்பாக இருந்தது. பாதிக்கு அப்பால் கட்டையாக, அரம் போட்ட தடத்தோடு இருந்தது. செதுக்கச் செதுக்க முரளியைப் பிடித்துப் பார்க்கச் சொல்வாராம். கடைசித் தடவைக்கு அவன் வரவில்லை.

எனக்குள் என்னவோ கிளம்பியது. "நீங்க சொன்ன நேரத்துக்குக் குடுத்திருந்தா அவன் வாசிச்சிருப்பான்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

ஜெரால்ட் என்னை நேராகப் பார்த்தார். "ஆமா சார். மொதல்ல செஞ்ச நெக் முறுக்கிக்கிச்சு. அதக் குடுத்திருந்தா ஒரு மழைக்குத் தாங்காது. வேற மரம் காய வெச்சுப் பண்றேன்னேன், சரின்னான். ஆனா நீங்க சொல்றதும் சரிதான். நானும் டெய்லி அதத்தான் நெனைக்கறேன்."

அதற்குமேல் கோபப்பட எனக்கு எதுவும் இருக்கவில்லை. கிட்டாரை மடியில் வாங்கிக்கொண்டேன். "இப்படியே விட்டுடுங்க. இப்படியே எடுத்துட்டுப் போய் மாட்டி வெச்சுக்கறேன். அவன் கை பட்டது வரைக்கும் போதும்."

"மாமா, உங்க சுவத்துல ஏற்கெனவே பதினொண்ணு தொங்குது" என்றாள் கவிதா. "அதுல ஒண்ணுகூட அவருக்குன்னு இல்ல."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

அவள் ஜெரால்டிடம் திரும்பினாள். "இத முடிச்சுடுங்கண்ணே."

"யார் கைக்கு சிஸ்டர்?"

"என் கைக்கு."

"உனக்கு வாசிக்கத் தெரியாதேம்மா" என்றேன்.

"தெரியாதுதான்."

"நீ வலதுகைக்காரி. இது அவனுக்காகத் திருப்பிச் செஞ்சது."

ஜெரால்ட் குறுக்கிட்டார். "சார், கத்துக்காதவங்களுக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான். எந்தப் பக்கம் ஆரம்பிச்சாலும் கஷ்டம்தான். சிஸ்டர் ஆரம்பிக்கட்டும்."

அவளை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கிட்டாரை மடியில் வைத்து, வலது கையால் கழுத்தைப் பிடிக்கச் சொன்னார். அவள் விரல்கள் சுற்றி வரவில்லை. முரளியின் கை பெரியது, என் அப்பாவின் கைபோல. ஜெரால்ட் கழுத்தைக் கழற்றி மேசை இடுக்கியில் மாட்டி அரத்தைப் போட்டார். கொஞ்சம் செதுக்குவார், அவள் கையில் தருவார். "இங்க இடிக்குதா?" "ஆமாண்ணே, கட்டை விரல்கிட்ட." மறுபடியும் அரம்.

நடுநடுவே அவள் பேசினாள். எங்களிடமா, தனக்குத்தானா தெரியவில்லை. "ஞாயித்துக்கெழம ஆனா வீட்ல சண்டைதான். ஆறு நாள் ஆபீஸ், ஒரு நாள் இங்க. ஒருவாட்டி நீயும் வான்னு கூப்பிட்டாரு. மரத்தூள்ல வந்து நான் என்ன பண்றதுன்னு கேட்டேன்."

"ஒண்ணும் பண்ண மாட்டான் சிஸ்டர்" என்றார் ஜெரால்ட். "சும்மா ஒக்காந்திருப்பான். தூளப் பெருக்குவான். என்கிட்ட இருக்கறதெல்லாம் ரைட் ஹேண்டு, எதையாவது எடுத்துத் திருப்பிப் புடிச்சுக்குவான். மத்தியானம் ஆனா, வீட்ல வெயிட் பண்ணுவாங்கன்னு கெளம்பிடுவான்."

கவிதா கையை நீட்டினாள். கழுத்தை வாங்கிப் பிடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

தலைப்பக்கத்தையும் அவர் தொட வேண்டி வந்தது. முரளியின் பிடிக்கு ஏற்கெனவே முடித்து வைத்திருந்த பகுதி அது. அரம் அதில் இறங்கியபோது நான் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். அவன் கையின் அளவு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் தூளாகிக்கொண்டிருந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. எதிர்வீட்டு மாடியில் ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா காயப்போட்டு முடிக்கும் வரை அங்கேயே நின்றேன். திரும்பி உள்ளே போனபோது கவிதாவின் விரல்கள் கழுத்தைச் சுற்றி வந்திருந்தன.

எண்ணெய் பூசி ஆற வேண்டும், இரண்டு வாரம் கழித்து வாங்க என்றார் ஜெரால்ட். அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். சாப்பாடு இருபத்தைந்து ரூபாய், ரசம் நன்றாக இருந்தது. மாலை நாலரை வண்டியில் ஏறி, கவிதாவை ஓசூரில் இறக்கிவிட்டு, நான் வீடு சேரும்போது பதினொன்று. கிட்டாரை வாங்க அவள் தனியாகவே போய் வந்தாள்.

செய்யச் சொல்ல நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். இரண்டு மூன்று தடவை நேரில் போகும்படி இருக்கும், போனில் முடிகிற காரியம் இல்லை. சொன்ன தேதியோடு ஆறு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தினால் ஈர மரத்தில்தான் செய்ய வேண்டியிருக்கும். மற்ற நாட்களில் ஜெரால்ட் வெளி வேலையாக அலைவார், ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் நிச்சயம் இருப்பார். வாசிக்கப் போகிறவரே நேரில் போய்ப் பிடித்துப் பார்க்க வேண்டும், வேறு ஆளை அனுப்பாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் வர விரும்பினால் கூட்டிக்கொண்டு போங்கள். விரும்பாவிட்டாலும் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். இடதுகைப் பிள்ளை வைத்திருப்பவர்கள் என்னைப் போல முதலில் பதினொன்று வாங்கிவிட்டு யோசிக்க வேண்டாம்.

இதை எழுத இப்போது தோன்றியதற்குக் காரணம், போன மாதம் மருந்துக் கடை வேலையாக ஓசூர் போனேன். கவிதா அங்கே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குப் போகிறாள். மாலை வீட்டுக்கு வரச் சொன்னாள். காப்பி குடித்ததும், கேட்காமலே கிட்டாரை எடுத்துவந்து உட்கார்ந்தாள். ஒரு வருடமாக வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போகிறாளாம். சுலபமான ஒரு மெட்டைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். இரண்டு இடத்தில் நின்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கண்ணை மூடிக் கேட்டேன். எந்த இடத்திலாவது அவன் வாசிப்பதுபோல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. எந்த இடத்திலும் இல்லை. அது முழுக்க அவளுடைய வாசிப்பு.

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லா இருக்கும்மா."

"பொய். சுண்டுவிரல் இன்னும் எட்ட மாட்டேங்குது" என்று சொல்லி, அந்த இடத்தை மறுபடியும் வாசிக்கத் தொடங்கினாள்.

அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே விடைபெற்று வந்தேன். முரளி இறந்த சமயத்தில் எனக்குச் செய்ய ஆயிரம் வேலை இருந்தது. ஆஸ்பத்திரி, வண்டி, அப்பாவைப் பார்த்துக்கொள்வது, காரியம். ஓசூர் பேருந்து நிலையத்தில் அன்றைக்குச் செய்ய எதுவுமே இல்லை. சேலம் வண்டி அரை மணி தாமதம் என்றார்கள். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, வண்டி வரும் வரை அழுதேன்.