படுக்கிற அளவு

"அப்டியே படு நைனா, அளவு எடுத்துக்கினா கரெக்டா இருக்கும்" என்றார் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை மேஸ்திரி, அப்பாவிடம். நான் வாங்கியிருந்த பழைய குட்டியானை வண்டியின் பின்பக்கத்தில், ஊர் சுற்றும்போது தூங்குவதற்குப் பலகை அடிக்கக் கொடுத்திருந்தேன். அப்பா ஏறிப் படுத்தார். சாக்பீஸ் அவர் தோளோரம் கீச்சென்று போனது.

எனக்கு ஒன்பது வயதில், அபிராமபுரத்து வீட்டின் சிவப்புத் தரையில் அப்பா இப்படித்தான் எங்களைப் படுக்கவைத்துக் கோடு போட்டார். அவர் ஓட்டிய தி.நகர் துணிக்கடை வேனை, முதலாளி கோடை லீவில் நான்கு நாள் தருவதாகச் சொல்லியிருந்தார். லாட்ஜுக்கு வசதியில்லை. வேனுக்குள்ளேயே பலகை போட்டுப் படுத்துக்கொண்டு கன்னியாகுமரி போவதாகத் திட்டம்.

"கூசுதுங்க, சீக்கிரம் போடுங்க" என்று அம்மா சிரித்தாள். அவள் கோடு அப்பாவுடைய கோட்டின் தோள்வரைதான் வந்தது. மறுநாளிலிருந்து கோடு அழியாமல் சுற்றிச் சுற்றித்தான் தரையைத் துடைத்தாள்.

பலகை வருவதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. அவளை எடுத்துக்கொண்டு போனதும், வழக்கப்படி அத்தை வீட்டைக் கழுவிவிட்டாள். வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

சுடுகாட்டிலிருந்து ஈரவேட்டியோடு வந்த அப்பா, தரையில் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தார்.

"இங்கதானம்மா இருந்துச்சு?"

நான் வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

இப்போது அப்பா மெல்ல இறங்கினார். "பக்கத்துல இன்னொரு கோடு போடுப்பா."

"அக்காவுக்கா?" மேஸ்திரி என்னைக் காட்டிக் கேட்டார்.

"இல்ல. அவளுக்கு வேற."

"அப்ப எவ்ளோ நீளம் நைனா?"

அப்பா நிமிர்ந்து நின்று, தன் தோளுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார்.